ஐந்து முதுகுகள்

ப்ரெவான்
23 ஏப்ரல் 1865

அன்ஸெல்ம்,

நீ உயிரோடு இருப்பதைத் தபால்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பாரிஸ் செய்தித்தாளில் உன் பெயர் வந்ததாம். கூடப்பிறந்தவளுக்கு ஒரு வரி எழுத ஒரு வருஷத்துக்கு மேலாக உனக்குக் கை வரவில்லை. போகட்டும். நான் நலம் விசாரிக்க எழுதவில்லை.

நம் குளத்தை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

மாளிகையை வாங்கிய மெஸ்யே த்ரெமோனை உனக்குத் தெரியும். உன் படத்தை வாங்கியவர். குளம் தன் தோட்டத்தோடு சேர்ந்தது என்று மொந்தேல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். வேலி போட்டு, உள்ளே அன்னம் விடப்போகிறாராம். முப்பது வருஷம் ஊர் தடையில்லாமல் புழங்கியது என்று காட்டினால் குளம் நமக்கு. இல்லையென்றால் அன்னத்துக்கு.

எதைக் காட்டுவது? துவைகல்லையெல்லாம் போன குளிர்காலத்தில் பெயர்த்து அவர் குதிரை லாயத்துக்குத் தளம் போட்டுவிட்டார்கள். மேயர் அவருடைய குத்தகைக்காரர். ஊரில் பாதிப் பேர் அவர் நிலத்தில் உழுகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் திடீரென்று மறதி வந்துவிட்டது. ஞாபகம் இருப்பது துவைக்கிற எங்கள் ஐந்து பேருக்கும், அதாவது எனக்கும் மெலானி, ஸெலி, தோயினெத், பெரின் நால்வருக்கும், கொல்லன் பார்னாபேக்கும்தான். ஆறு பேரும் சேர்ந்து வக்கீல் வைத்திருக்கிறோம்.

பெரிய வெள்ளியன்று நீதிமன்ற அமீனா வந்தான். குளத்தங்கரையில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, 'ஆள் இல்லை, துணி இல்லை, துவைக்கும் அடையாளம் எதுவும் இல்லை' என்று எழுதிக்கொண்டான். ஏசு இறந்த பெரிய வெள்ளியன்று துணி துவைக்கிறவள் தன் சவத்துணியையே துவைக்கிறாள், அதனால் அன்று யாரும் துவைப்பதில்லை என்பது இந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்து அனுப்பியிருக்கிறார்கள். மெலானி வாசலில் நின்று கத்தினாள்: "ஐயா, இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா? நாளைக்கு வா, உன் சட்டையையும் சேர்த்து அடிச்சுத் தரேன்!" அதை அவன் எழுதிக்கொள்ளவில்லை.

இதை நம் வக்கீல் கோஸார் நீதிமன்றத்தில் சொன்னார். உடனே அவர்கள் வக்கீல் எழுந்து, "சரி, பெரிய வெள்ளின்னே வச்சுக்குவோம். ஆனா இந்த ஊர்ப் பையனே இந்தக் குளத்தை வரைஞ்சிருக்கான். மரத்து இலையைப் பாத்தா செப்டம்பர் மாசம்னு தெரியுது. அதுல துவைக்கிறவங்க எங்கே? கல்லு எங்கே? செப்டம்பர்ல எந்தப் பெரிய வெள்ளி வருது?" என்றாராம். நீதிபதிகூடச் சிரித்தாராம்.

நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆனால் நீ மூன்று வாரம் கரையில் உட்கார்ந்து எங்களை வரைந்ததைப் பார்த்திருக்கிறேன். "அக்கா, அசையாத!" என்று நீ கத்த, குனிந்தபடியே இருந்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அப்படியிருக்க, படத்தில் எப்படி யாரும் இல்லாமல் போனோம்?

நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுது. உண்மையை எழுது. அது போதும்.

சிதோனி

---

பாரிஸ்
9 மே 1865

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். எழுதாமல் இருந்ததற்கு எந்தக் காரணம் சொன்னாலும் நீ நம்பமாட்டாய் என்பதால் எதையும் சொல்லவில்லை.

ஓர் ஓவியத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது கிறுக்குத்தனம். நான் அமீனா இல்லை. களத்தில் ஒன்றைப் பார்க்கிறோம், சின்னப் பலகையில் குறித்துக்கொள்கிறோம், பிறகு குளிர்காலம் முழுக்க அறையில் உட்கார்ந்து பெரிய கித்தானில் எழுதுகிறோம். வேண்டியது நிற்கும், வேண்டாதது போகும். எல்லோரும் இப்படித்தான் வேலை செய்கிறோம். அந்தச் சின்னப் பலகையாவது இருக்கிறதா என்று நீ கேட்பாய். இல்லை. அந்த வருஷமே அதைச் சுரண்டி, அதன் மேல் வேறொன்று எழுதிவிட்டேன். புதுப் பலகை எங்களுக்குச் சும்மா கிடைப்பதில்லை.

நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கே படம் வாங்குகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் தெரியுமா? பகலெல்லாம் தொழிற்சாலைப் புகையில் பணம் சம்பாதித்துவிட்டு, மாலையில் சாப்பாட்டு மேசைக்கு எதிரே பச்சையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அவர்களுக்குக் கிராமம் வேண்டும், கிராமத்தார் வேண்டாம். மாடு ஒன்று நிற்கலாம். மாட்டுக்காரன் நின்றால் அறையில் வாடை அடிக்கிறது என்பார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே எரிகிறது. ஆனால் எரிச்சலைத் தின்று வாழ முடியாது. நான் ஆறாவது மாடியில் கூரைக்கு அடியில் இருக்கிறேன். என் தண்ணீர்க் குடம் நவம்பரில் உறைந்தால் மார்ச்சில்தான் இளகும். மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, ரொட்டிக்கடையில் வாய் திறந்தால் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்கிறது.

மெஸ்யே த்ரெமோன் இன்னும் நான்கு படம் கேட்டிருக்கிறார், நான்கு பருவத்துக்கும் ஒவ்வொன்றாக. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் "அடுத்தது எப்போது?" என்று கேட்கிறார். இந்த நேரத்தில் நீதிபதிக்கு எழுது என்கிறாய்.

கொஞ்சம் யோசிக்க விடு.

அன்ஸெல்ம்

---

ப்ரெவான்
18 ஜூன் 1865

அன்ஸெல்ம்,

உன் கடிதத்தைக் குளத்தங்கரையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கல் போனாலும் நாங்கள் பலகை கொண்டுபோய்ப் போட்டுத் துவைக்கிறோம். வேலிக்குக் கம்பு நட்டாயிற்று, கம்பி மட்டும்தான் பாக்கி. அதுவரை போவோம்.

நீ சொன்ன வாடை விஷயம் வந்ததும் ஸெலி அடிப்பதை நிறுத்திவிட்டு, "நம்ம மேல வாடையா? அவங்க உள்பாவாடைய துவைக்கிறவ நான். வாடைய பத்தி என்கிட்ட கேக்கச் சொல்லு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மெலானி மட்டும் சிரிக்கவில்லை. "அவனுக்கு மூணு வாரம் என் வீட்டுக் கோசுச் சூப்புதான் போச்சு. குடிச்சதுக்கப்புறம் கிண்ணத்தை வழிச்சு நக்குவான். அந்த வாய்தானா இது?" என்றாள்.

உனக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்றாயே, கொடுத்தேன். அதற்குள் நான் வேறொன்று செய்தேன்.

போன வியாழன் மாளிகையில் விருந்து. அவர்கள் வீட்டுத் துவைப்புக்காரி காய்ச்சலில் படுத்துவிட்டதால் மேசைத்துணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவரை எதிர்த்து வழக்காடுகிறவள் என்று தெரியாமல் கூப்பிட்டார்களா, தெரிந்தே கூப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கு எங்கள் முகம் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிவதில்லை. வெள்ளாவி வைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, மாலையில் கூடையோடு சாப்பாட்டு அறைக்குள் போனேன். அங்கே உன் படம்.

அழகாக இருக்கிறது, அன்ஸெல்ம். அதைச் சொல்லாமல் இருந்தால் பொய்யாகிவிடும். அந்த இரண்டு வில்லோ மரம், தண்ணீரில் மேகம், பாசி விலகின இடம். கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். பிறகுதான் கோபம் வந்தது. கோவில் போலச் சுத்தமான கரை. ஓர் ஆள் இல்லை. கரையோரத்தில் ஒரே ஒரு சிவப்புப் பாப்பிப் பூ. செப்டம்பரில் எந்தப் பாப்பி பூக்கும்?

மேசைத்துணியை விரித்துக்கொண்டே இருந்தேன். மேற்கு ஜன்னலில் வெயில் சாய்ந்தது. படத்தின் மேல் பக்கவாட்டில் விழுந்தது. அப்போது பார்த்தேன். தண்ணீரில் ஐந்து மேடு, வரிசையாக. துணிக்குள் எலி புகுந்தால் தெரியுமே, அந்த மாதிரி வண்ணத்துக்கு அடியிலிருந்து துருத்திக்கொண்டு ஐந்து குனிந்த முதுகு. இடது ஓரத்தில் இருப்பது நான். எனக்கு என் முதுகு தெரியாது, ஆனால் பக்கத்தில் இருப்பது மெலானியின் கூன். அதை நான் எங்கேயும் கண்டுபிடிப்பேன். அந்தப் பாப்பிப் பூ இருக்கிற இடம் தோயினெத்தின் தலை. அவள் சிவப்புத் தலைத்துணியைப் பூவாக்கிவிட்டாய்.

தோயினெத்திடம் சொன்னேன். "அடப்பாவி! என் புருஷன்கூட என்னைப் பூன்னு சொன்னதில்ல" என்றாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள்.

எங்களை விட்டுவிட்டு வரைந்தாய் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இல்லை. முதலில் எழுதிவிட்டுப் பிறகு மூடியிருக்கிறாய்.

ஏன்?

சிதோனி

---

பாரிஸ்
2 ஜூலை 1865

அக்கா,

ஆமாம்.

உங்கள் ஐந்து பேரையும் முழுக்க எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. முதுகிலெல்லாம் வண்ணத்தைத் தட்டைக் கத்தியாலேயே கனமாக அப்பினேன், ஈரத் துணியின் பாரம் தெரிய வேண்டும் என்று. முகங்களை மட்டும் மெல்லிய தூரிகையில் மெல்லத் தொட்டேன். நீ பக்கவாட்டில் திரும்பி ஸெலியை ஏதோ திட்டிக்கொண்டிருக்கிறாய். வாய் திறந்திருக்கிறது.

ஆண்டுக் கண்காட்சிக்கு அனுப்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒரு படவியாபாரி மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க நின்று பார்த்தார். "குளம் பிரமாதம். ஆனா இந்தப் பொம்பளைங்க யாரைப் பாத்து முறைக்கிறாங்க? சாப்பிடும்போது தன்னை முறைச்சுப் பாக்கணும்னு எவனும் காசு குடுத்து வாங்கமாட்டான் தம்பி" என்றார். போய்விட்டார். அன்று பிற்பகல் தண்ணீரின் நிறத்தைக் கலந்தேன். ஐந்து பேரையும் மூட இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. பச்சைக்கு நடுவே ஒரு பொட்டுச் சிவப்பு இருந்தால் கண்ணுக்கு நல்லது என்பதால் தோயினெத்தின் தலைத்துணியை மட்டும் விட்டேன். கண்காட்சியில் படம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எல்லோரும் 'என்ன அமைதி' என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டபோதெல்லாம் உன் வாய் என் கண்ணில் வந்தது. உனக்கு எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

இதை நீதிபதிக்கு எழுதுகிறேன். எழுதத்தான் போகிறேன். ஆனால் முதலில் மெஸ்யே த்ரெமோனுக்கு எழுதியிருக்கிறேன், நேற்று. தன் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தைப் பற்றி அந்த மனிதர் வேறு யார் வாயிலோ கேட்கக் கூடாது. எனக்கு நல்லது செய்தவர். மேடுகளைப் பற்றியும் சொல்லி, சாய்ந்த வெளிச்சத்தில் அவரே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். நியாயம் தெரிந்தவர் என்றால் பார்த்தவுடன் வழக்கை விட்டுவிடுவார்.

அன்ஸெல்ம்

---

ப்ரெவான்
16 ஜூலை 1865

அடேய்,

மேலே வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வக்கீல் கோஸாரிடம் மேடுகளைப் பற்றிச் சொன்ன அன்று அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அம்மா, உங்க தம்பி வந்து சொன்னா நீதிபதி காதுல ஏறாது. கூடப்பிறந்தவன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. ஆனா வழக்கு வர்றதுக்கு முன்னாடியே காய்ஞ்சுபோன வண்ணம் இருக்கே, அதுக்கு அக்காவும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது. அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது" என்றார். நீதிபதியை மாலை நேரத்தில் மாளிகைக்கு அழைத்துப்போய்க் காட்ட மனு எழுதினார். தேதியும் கேட்டிருந்தார்.

நேற்று முன்தினம் அந்தப் படத்தைப் பெட்டியில் அடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பார்னாபேதான் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தான். பாரிஸுக்கு என்று வண்டிக்காரன் சொன்னானாம்.

நீ நல்லவன் போல நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தாய். யாரிடம்? எங்களிடம் இல்லை. எங்களை மூடும்போது எங்களுக்கு ஒரு வரி எழுதிச் சொன்னாயா? அவருக்கு மட்டும் மரியாதையாக, முன்கூட்டியே, கையெழுத்துப் போட்டு.

கம்பி கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை அதைத் தாண்டிப் போய்த் துவைத்தோம். போலீஸ்காரன் வந்து மெலானி துணி அடிக்கிற அடிகட்டையைப் பிடுங்கிக்கொண்டான். அது அவள் கல்யாணத்துக்கு அவள் புருஷன் செதுக்கிக் கொடுத்தது. "ராசா, அதை எடுத்துட்டுப் போய் உன் பொண்டாட்டிய அடிக்காத, அவ பாவம்" என்றாள் மெலானி. நாங்கள் சிரித்தோம். வீட்டுக்கு வந்து அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் திறக்கவில்லை.

உனக்கு எழுத இனி ஒன்றும் இல்லை.

சிதோனி

---

பாரிஸ்
8 அக்டோபர் 1865

அக்கா,

நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி வந்து இறங்கியது வேறெங்கும் இல்லை, என் அறையில்தான். கூடவே மெஸ்யே த்ரெமோனின் சீட்டு: 'மேற்பரப்பு சில இடங்களில் சீராக இல்லை என்று நீங்களே சுட்டிக்காட்டியதற்கு நன்றி. சமப்படுத்தி, வார்னிஷ் பூசி அனுப்பவும். நான்கு பருவங்களை அதன் பிறகு பேசுவோம்.' உங்களை இரண்டாம் முறை அழிக்க என்னையே கேட்கிறார். வேறு யாராவது செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

இரண்டு மாதம் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் அறைக்கு ஒருவரும் வரவில்லை. மாலையில் சில நாள் திருப்புவேன், சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பேன். ஐந்து பேரும் அப்படியே குனிந்து வேலை செய்துகொண்டிருப்பீர்கள். யாரும் நிமிர்ந்து என்னைப் பார்க்கமாட்டீர்கள்.

போன மாதக் கடைசியில் வண்ணம் கரைக்கும் சாராயமும் பஞ்சும் கத்தியும் எடுத்து உட்கார்ந்தேன். மேடுகளைத் தொடவில்லை. மேலே பூசிய தண்ணீரைத்தான் எடுத்தேன், விரல்நகம் அளவு, விரல்நகம் அளவாக. எட்டு நாள் ஆனது. முதுகுகள் வந்துவிட்டன, அக்கா. கனமாக அப்பியிருந்ததால் கத்திக்குத் தாங்கின. உன் நீலச் சட்டை, பெரினின் கிழிந்த தோள், மெலானியின் கூன், கல், கல்லின் மேல் நுரை. பாப்பி மறுபடி தலைத்துணியாகிவிட்டது.

முகங்கள் வரவில்லை. மெல்லியதாகத் தொட்டிருந்தேன் அல்லவா, மேல் வண்ணத்தோடு அவையும் போய்விட்டன. ஐந்து முதுகும் ஐந்து வெற்றிடமும்.

மெஸ்யே த்ரெமோனுக்கு ஒரே வரி எழுதிவிட்டேன்: 'படம் உங்களுக்குத் திரும்பி வராது, மொந்தேல் நீதிமன்றத்துக்குப் போகும்.' இனி நான்கு பருவமும் இல்லை, கண்காட்சியில் எனக்காகப் பேச ஆளும் இல்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான்.

வக்கீலுக்கு இப்படிப்பட்ட படம் உபயோகப்படுமா?

அன்ஸெல்ம்

---

ப்ரெவான்
29 அக்டோபர் 1865

அன்ஸெல்ம்,

உபயோகப்படும்.

வக்கீல் உன் கடிதத்தை மூன்று முறை படித்தார். இது இன்னும் நல்லது என்கிறார். மேட்டைக் காட்ட வெயில் சாய வேண்டும், மாளிகைக்கு நீதிபதி வர வேண்டும். இதை நீதிமன்றத்திலேயே நடுப்பகலில் காட்டலாம். இரண்டு வருஷம் காய்ந்து வெடிப்பு விழுந்த வண்ணம் என்று சொல்ல மொந்தேலில் ஓவிய வண்ணம் அரைத்து விற்கிற ஒரு வண்ணக்காரரையும் பேசி வைத்திருக்கிறார். அவர்கள் என்ன கத்தினாலும் பழைய வண்ணம் பழையதுதான்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு கோடு போடக் கூடாது. ஒரு பொட்டு வைக்கக் கூடாது. வார்னிஷ்கூட வேண்டாம். மூக்கில்லாம இருந்தா மூக்கில்லாமலே அனுப்பச் சொல்லுங்க."

விசாரணை ஜனவரி 12. அதற்கு முன்னால் அனுப்பு.

முகம் போனதற்கு வருத்தப்படாதே. எங்கள் முகத்தைப் பார்த்து யார் எங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? நீதிபதிக்குத் தேவை முதுகுதான். தோயினெத்திடம் சொன்னேன், "என் முகமா? அது போனா போகட்டும், தலைத்துணி இருக்கில்ல" என்றாள். பிறகு தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குளிர் வந்துவிட்டது. இப்போது ஓர்ஸ் ஆற்றுக்குப் போகிறோம். போக ஒரு மணி நேரம், ஈரத் துணியோடு திரும்ப ஒன்றரை மணி நேரம். மெலானியால் நடக்க முடியவில்லை. அவள் கம்பிக்கு வெளியே நின்று குளத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாள். ஜனவரிக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பின்னி அனுப்பியிருக்கிறேன். ஒன்று கொஞ்சம் நீளம்.

அக்கா

---

பாரிஸ்
4 ஜனவரி 1866

அன்புள்ள அக்கா,

படத்தை நேற்று ரயிலில் ஏற்றிவிட்டேன். தாமதத்துக்கு மன்னித்துவிடு.

காலுறை வந்தது. நீளமானதை வலது காலில் போடுகிறேன், அந்தக் கட்டைவிரல்தான் அதிகம் குளிர்கிறது.

அக்டோபரிலிருந்து ஐந்து பேரோடும் ஒரே அறையில் இருந்தேன். காலையில் எழுந்தால் எதிரே நீங்கள், ரொட்டி தின்றால் எதிரே நீங்கள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாதவனுக்கு முகமில்லாத ஐந்து பேர் எதிரே இருந்தால் எப்படி இருக்கும் என்று உன்னிடம் சொல்லி விளக்க முடியாது. நீ வேலை செய்கிறவள், உனக்கு இந்த நோய் கிடையாது.

ஒரு சின்ன வேண்டுகோள். படம் வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்து, விசாரணை வரை வெதுவெதுப்பான அறையில் வை. அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வேண்டாம். மேலே துணி போட்டு மூடாதே. யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்.

நானும் வரலாம் என்றுதான் நினைத்தேன். உன்னை நேராகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தீர்ப்பு வந்ததும் எழுது. நல்ல செய்தி வந்தால் ஈஸ்டருக்கு வருகிறேன். பெரிய வெள்ளிக்கு மறுநாள் கரையில் உங்களோடு உட்காருகிறேன்.

அன்ஸெல்ம்

---

ப்ரெவான்
25 பிப்ரவரி 1866

அன்ஸெல்ம்,

தீர்ப்பு வந்து ஆறு வாரம் ஆகிறது. இதுவரை நான்கு கடிதம் எழுதி அடுப்பில் போட்டேன். இது ஐந்தாவது.

ரயிலடியிலிருந்து பெட்டி வந்து சேர்ந்ததே பதினோராம் தேதி மாலையில்தான். அடுப்புள்ள அறையில் வைக்க ஒரே ஒரு இரவு இருந்தது. திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து பேருக்கும் முகம் இருந்தது. வக்கீல் கோஸார் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். "காய்ஞ்சிருந்தா தப்பிச்சோம்" என்றார். அவர் தொட்டுப் பார்க்கவே பயந்தார்.

நீதிமன்றத்தில் படத்தை நாற்காலியில் நிறுத்தினார்கள். ஊரே வந்திருந்தது, மறதிக்காரர்கள் உள்பட. அவர்கள் எல்லோரும் பார்த்ததும் வாய் திறந்து நின்றார்கள். மேயர்கூட "அட, நம்ம பெரின்!" என்றார். உண்மை அவர் வாயிலிருந்து நழுவி விழுந்தது. அந்த நிமிஷம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

நீதிபதி வயதானவர், நல்ல மாதிரி. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தார். "இந்த நீலச் சட்டை யாரும்மா?" என்றார்.

"நான்தாங்க" என்றேன்.

"அப்படியே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே என் கன்னத்தில், படத்தில் இருக்கிற கன்னத்தில், கட்டைவிரலை வைத்தார். எடுத்தபோது விரலில் ரோஜா நிறம் ஒட்டியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என் கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

அவர்கள் வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "முப்பது வருஷப் பழக்கம்னு சொன்னாங்க. வண்ணமே இன்னும் காயல."

எல்லோரும் சிரித்தார்கள். மறதிக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

முதுகு பழையது, முகம் மட்டும் புதிது என்று நம் வக்கீலும் வண்ணக்காரரும் தொண்டை வற்றச் சொன்னார்கள். நீதிபதி கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே, "பழசு எங்க முடியுது, புதுசு எங்க ஆரம்பிக்குதுன்னு வரைஞ்சவருக்குத்தான் தெரியும். வரைஞ்சவர் இந்தம்மாவோட தம்பி" என்றார். குளம் அவர்களுக்குப் போய்விட்டது. அன்னம் இரண்டு வந்திறங்கிவிட்டது. இந்த ஊர்க் குளிரில் ஒன்று செத்தும் போயிற்று.

ஏன் செய்தாய் என்று ஆறு வாரமாக உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கடிதத்தில் இல்லை, துவைக்கும்போது. ஒரு கோடு போடாதே என்று எழுதினேன். நீ படித்தாய். எங்களை முகமில்லாமல் விடக் கூடாது என்று நினைத்திருப்பாய். அது எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை. முதலில் அவர்களுக்காக எங்களை மூடினாய். பிறகு உனக்காக எங்களைத் திறந்தாய். எங்களுக்கு வேண்டியதைக் கேட்டோம், அதை மட்டும் உன்னால் செய்ய முடியவில்லை.

மெஸ்யே த்ரெமோன் படத்தைத் திரும்ப வாங்கவில்லை. "அந்த அசிங்கம் எனக்கு வேண்டாம்" என்றாராம். பார்னாபே தள்ளுவண்டியில் போட்டு என் வீட்டில் கொண்டுவந்து வைத்தான். ஒரு சுவரே போய்விட்டது. அலமாரிக் கதவைப் பாதிதான் திறக்க முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேரும் வந்தார்கள். தோயினெத் வெகுநேரம் தன்னையே பார்த்துவிட்டு, "என் மூக்கு இவ்வளவு நேராவா இருக்கு? பொய் சொல்றான்" என்றாள், ஆனால் போகும்போது மறுபடி திரும்பிப் பார்த்தாள். மெலானி குச்சியால் தண்ணீரைக் காட்டி, "இங்கதான் ஆழம், இங்க காலை வைக்கக் கூடாது" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அடிகட்டை இன்னும் மொந்தேல் போலீஸ் நிலையத்தில்தான் இருக்கிறது.

என் முகத்தை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். வாயை மட்டும் மூடிவிட்டாய். முதலில் திறந்திருந்தது என்று நீயே எழுதினாய். ஞாபகத்திலிருந்து வரைந்ததால் மறந்திருப்பாய். குளத்தில் நான் வாயை மூடியதே இல்லை.

நாங்கள் ஐந்து பேரும் இப்போது படத்தில் இருக்கிறோம். குளத்தில் யாரும் இல்லை. முன்பு நேர்மாறாக இருந்தது.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய், நல்ல செய்தி வந்தால். செய்தி இதுதான். வருவதும் வராததும் உன் பாடு. வந்தால் படுக்க இடம் இருக்கிறது, ஆனால் படத்துக்கு எதிரேதான் படுக்க வேண்டும்.

இன்று காலை ஆற்றுக்குக் கிளம்பும் முன் என் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்டது.

சிதோனி